கொய்யா ஜெல்லி உறையும் வகை

(கிராம மாதர் சங்கங்களிலும் சுய உதவிக் குழுக்களிலும் வாசித்தற்குரிய பிரசங்கம்)



கொய்யா மரம் ஏழை, செல்வர் என்ற வேற்றுமை பாராட்டாமல் காய்க்கும் மரம். கிணற்றடியில் சிந்தும் ஜலத்தையும் புழக்கடையில் வடியும் ஜலத்தையும் குடித்தே அது வளர்ந்துவிடும். பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடி போன்ற ஊர்களில் அது தோப்புத் தோப்பாகப் பயிரிடப்படுகிறது. ஆயினும், பருவம் உச்சமடையும் வாரங்களில் இம்மரத்தின் தாராள குணமே குடியானவருக்குத் தொல்லையாக முடிகின்றது. எல்லாத் தோப்புகளிலும் ஒரே சமயத்தில் பழம் பழுக்கின்றது, சந்தையில் கூடைகள் குவிகின்றன, விலை இறங்குகின்றது. பறித்த பழமோ சில நாட்களுக்குமேல் தாங்குவதில்லை. வண்டிக் கூலிக்கும் கட்டாத பழம் மரத்தடியிலேயே விழுந்து அழுகுகின்றது.

இவ்வாறு வீணாகும் பழத்தை ஜெல்லியாக்கிப் புட்டியில் அடைத்து வைத்தால், அது பல மாதங்கள் கெடாமலிருந்து, பழம் இல்லாத காலத்தில் நல்ல விலைக்குப் போகும். பழம் சொந்தத் தோப்பில் கிடைக்கின்றது, உழைப்பு வீட்டிலுள்ளவர்களுடையது. கைப்பொருள் கொடுத்து வாங்க வேண்டியவை சர்க்கரையும் புட்டிகளும் எரிபொருளுமே. ஆதலால், உறையாமல் பாகாகவே நின்றுவிடும் ஒரு சட்டி ஜெல்லி, அதில் கொட்டிய சர்க்கரையின் விலையை மட்டுமின்றி, நன்றாக உறைந்த மற்றச் சட்டிகளின் லாபத்தையும் விழுங்கிவிடுகின்றது. இரண்டொரு முறை செய்து பார்த்து, உறையாமற் போனதும், “இதற்குக் கைராசி வேண்டும்” என்று சொல்லி அத்தொழிலையே விட்டுவிடுவோர் உளர்.

ஜெல்லி உறைவது கைராசியினால் அன்று. அது மூன்று பொருள்களின் பொருத்தத்தினால் நிகழ்வது. அம்மூன்றையும் அடுப்பில் சர்க்கரையைக் கொட்டுவதற்கு முன்பே வீட்டில் சோதித்தறியலாம். அந்தச் சோதனைகளை விளக்குவதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

உறைவதன் காரணம்

நல்ல ஜெல்லியின் லக்ஷணங்கள் யாவை? அது கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டும். புட்டியிலிருந்து தட்டில் கவிழ்த்தால், இளநுங்கைப் போல் அசைந்தாடினும் வடிவம் குலையாமல் நிற்க வேண்டும். கத்தியால் அறுத்தால் அறுத்த முகம் கூர்மையாக இருத்தல் வேண்டும்; கத்தியில் பசைபோல் ஒட்டலாகாது. பழத்தின் வாசனை மாறாமல் இருக்க வேண்டும்.

இத்தகைய உறைவைத் தருவது பழத்தில் இயற்கையாகவே அமைந்துள்ள பெக்டின் என்னும் பொருள். 1825-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ரஸாயன சாஸ்திரியான ஹென்றி பிராக்கொன்னோ என்பவர் இப்பொருளைப் பிரித்தறிந்து, உறைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார். பழத்தின் திசுக்களைச் செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்துபோல் ஒட்டவைத்துக்கொண்டிருப்பது இதுவே.

பெக்டின் மிக நுண்ணிய நீண்ட நூல்களைப் போன்றது. பழச்சாற்றில் இந்நூல்கள் ஒரே வகையான மின்னேற்றம் உடையனவாய் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். ஒவ்வொரு நூலையும் ஜலம் போர்வைபோல் சூழ்ந்திருக்கும். சாற்றில் போதிய புளிப்பு இருப்பின் அது அம்மின்னேற்றத்தைத் தணிக்கும். போதிய சர்க்கரை சேரின் அது ஜலப்போர்வையைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அப்பொழுது நூல்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கோத்துக்கொண்டு வலையாகும். அவ்வலையின் கண்களுக்குள்ளே பாகு சிறைப்பட்டு நிற்கும். அதுவே ஜெல்லி.

ஆகவே பெக்டின், புளிப்பு, சர்க்கரை என்னும் மூன்றும் முக்காலியின் மூன்று கால்களைப் போன்றவை. ஒன்று குட்டையானால் மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. முடிந்த ஜெல்லியில் நூற்றுக்குச் சுமார் 65 பங்கு சர்க்கரை முதலிய கரைந்த பொருள்களும், ஒரு பங்குக்குச் சற்று முன்பின்னாகப் பெக்டினும் இருத்தல் வேண்டும். புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் அளவையில் அது 3.0-க்கும் 3.3-க்கும் இடையில் நிற்க வேண்டும். பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றை நாவினாலும் தராசினாலும் அறியும் வழி பின்னால் கூறப்படும்.

பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

நன்றாகக் கனிந்து மணம் வீசும் பழமே ஜெல்லிக்குச் சிறந்தது என்று எண்ணுவது சாதாரணமாக நேரும் முதல் தவறு. காயில் பெக்டின் ஜலத்தில் கரையாத ரூபத்தில் இருக்கும். புளிப்போடு கூடிய கொதிப்பில் அது கரையும் பெக்டினாக மாறும். பக்குவமாகப் பழுத்த பழத்தில் கரையும் பெக்டின் மிகுதி. அதிகமாகக் கனிந்து குழைந்த பழத்திலோ அந்நீண்ட நூல்கள் துண்டு துண்டாகச் சிதைந்துபோகின்றன; அவற்றுக்கு வலை பின்னும் சக்தி இராது. பழம் கனியக் கனியப் புளிப்பும் குறைகின்றது.

ஆதலால், முக்கால் பங்கு அப்பொழுதுதான் பழுத்த கெட்டியான பழமும், கால் பங்கு பழுக்கத் தொடங்கும் செங்காயும் கலந்துகொள்வது உத்தமம். பழம் மணத்தையும் நிறத்தையும் தரும். செங்காய் பெக்டினையும் புளிப்பையும் தரும். குழைந்த பழத்தை ஜெல்லிக்குச் சேர்க்கலாகாது. உட்சதை சிவந்த ஜாதிப் பழம் கிடைக்குமாயின் ஜெல்லிக்கு அழகிய நிறம் உண்டாகும்.

கொய்யா கிடைக்காத இடங்களில் விளாம்பழம், களாக்காய் ஆகியவை ஜெல்லிக்கு ஏற்றவை. இவ்விரண்டிலும் பெக்டின் மிகுதி. மலைநாடுகளில் புளிப்பு ஆப்பிளும் பிளம்ஸ் பழமும் பயன்படும். அன்னாசி, பழுத்த மாம்பழம் முதலியவற்றின் சாறு தனியே எளிதில் உறையாது. அவற்றோடு செங்காய்க் கொய்யாவின் சாற்றைக் கலந்து குறையை நிரப்பலாம்.

சாறு எடுக்கும் முறை

பழங்களை நன்றாகக் கழுவி, அடிபட்ட பகுதிகளையும் புழு விழுந்த பகுதிகளையும் நீக்கிவிட வேண்டும். தோலையும் விதையையும் நீக்கலாகாது; அவற்றையொட்டிய பாகத்திலும் பெக்டின் உண்டு. மெல்லிய வில்லைகளாக அரிந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, வில்லைகள் மூழ்குமளவே ஜலம் விட வேண்டும். ஒரு கிலோ பழத்துக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ஜலம் போதும். ஜலம் அதிகமானால் அதைப் பின்னர் கொதிக்க வைத்து வற்றச்செய்ய நேரமும் விறகும் செலவாகும். நீண்ட நேரக் கொதிப்பினால் பெக்டினும் சிதையும். இரும்புப் பாத்திரமும் ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் உதவா. பழப்புளிப்பு அவற்றை அரித்து நிறத்தையும் ருசியையும் கெடுப்பதோடு உடலுக்கும் தீங்கு செய்யும்.

சிறு தீயில் இருபத்தைந்து முதல் முப்பது நிமிஷங்கள் வேகவிட வேண்டும். வில்லைகள் மெத்தென்றானால் போதும். மத்தினால் கடைவதும் கரண்டியால் மசிப்பதும் கூடா. பின்னர் ஈரமாக்கிப் பிழிந்த கெட்டியான துணியில் ஊற்றி மூட்டையாகக் கட்டி, ஒரு பாத்திரத்தின்மேல் தொங்கவிட வேண்டும். சாறு தானாகச் சொட்டிச் சேரட்டும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் சதைத்துகள் இறங்கிச் சாறு கலங்கும். கலங்கிய சாறு பிறகு தெளியாது.

சொட்டி முடிந்த சக்கையில் இன்னும் பெக்டின் எஞ்சியிருக்கும். கொஞ்சம் ஜலம் விட்டு மறுபடியும் சிறிது நேரம் வேகவைத்து இரண்டாம் சாறு எடுக்கலாம். ஆனால் அதைத் தனியே சோதித்த பின்னரே முதற்சாற்றுடன் கலக்க வேண்டும். அதன்பின் நிற்கும் சக்கையையும் எறிய வேண்டியதில்லை. விதையை நீக்கிச் சல்லடையில் தேய்த்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறினால், துண்டுகளாக வெட்டத்தக்க கொய்யா அல்வா ஆகும்.

பெக்டின் சோதனை

சர்க்கரை மூட்டையை அவிழ்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. அவற்றுள் முதலாவது பெக்டின் சோதனை. ஆறிய சாறு ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு, அதன்மேல் மருந்துக் கடையில் காயம் துடைக்க விற்கும் ஸ்பிரிட் மூன்று தேக்கரண்டி மெதுவாக ஊற்ற வேண்டும். குவளையை இலேசாகச் சுழற்றி ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிட்டானது பெக்டினைத் திரளச் செய்யும். முட்கரண்டியால் தூக்கத்தக்க ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் மிகுதி. இரண்டு மூன்று கட்டிகளாக உடைந்து நின்றால் மத்திமம். தூள் தூளாகச் சிதறினால் குறைவு.

இச்சோதனையில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுவது. அடுப்புக்கு அப்பால்தான் சோதிக்க வேண்டும். அது விஷமாதலால், சோதித்த சாற்றை ருசி பார்க்கலாகாது. உடனே கொட்டிவிட்டுக் குவளையைக் கழுவ வேண்டும். பிள்ளைகள் கையில் அகப்பட விடலாகாது.

ஸ்பிரிட் கிடைக்காத இடத்தில் சோதனைச் சட்டி வைத்துப் பார்க்கலாம். சிறு கிண்ணத்தால் நான்கு பங்கு சாறும் மூன்று பங்கு சர்க்கரையும் அளந்து, சிறு பாத்திரத்தில் காய்ச்சிப் பதம் வந்ததும் இறக்கி ஆறவிட வேண்டும். அது உறைந்தால் பெருஞ்சட்டியும் உறையும். ஒரு பிடி சர்க்கரையைக் கொண்டு ஒரு மூட்டைச் சர்க்கரையைக் காப்பாற்றும் உபாயம் இது.

பெக்டின் குறைவாகக் கண்டால் என் செய்வது? சாற்றைச் சிறிது நேரம் காய்ச்சி வற்றச் செய்து மறுபடி சோதிக்கலாம். அல்லது செங்காய்களை மட்டும் வேகவைத்து எடுத்த கெட்டிச் சாற்றைக் கலக்கலாம். கடையில் கிடைக்கும் பெக்டின் தூளைச் சேர்ப்பதானால் பொட்டலத்தில் கண்ட முறைப்படியே செய்தல் வேண்டும்.

புளிப்புச் சோதனை

இரண்டாவது சோதனைக்கு நாக்கே கருவி. ஒரு தேக்கரண்டி எலுமிச்சம்பழச் சாறு, ஒன்பது தேக்கரண்டி ஜலம், அரைத் தேக்கரண்டி சர்க்கரை மூன்றையும் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதையும் பழச்சாற்றையும் மாறி மாறி நாவில் இட்டுப் பார்க்க வேண்டும். பழச்சாறு இதற்கு இணையாகப் புளித்தால் போதிய புளிப்பு உண்டு. அவ்வளவு புளிக்காவிட்டால், ஒரு லிட்டர் சாற்றுக்கு நடுத்தரமான எலுமிச்சம்பழம் மூன்று அல்லது நான்கின் சாற்றை வடிகட்டிச் சேர்க்க வேண்டும். எலுமிச்சை விலையேறியிருக்கும் காலத்தில், உணவுக்கென விற்கும் ஸிட்ரிக் அமிலம் மூன்று முதல் ஐந்து கிராம் வரை கரைத்துச் சேர்க்கலாம்.

கொய்யாவில் பெக்டின் தாராளமாக இருந்தும் ஜெல்லி உறையாமற்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இப்புளிப்புக் குறைவே. இனிப்பான பழத்தைப் பார்த்து மகிழ்ந்து எலுமிச்சையை மறந்துவிடுகிறார்கள். புளிப்பு மிகுந்தாலும் தோஷம் உண்டு. வலை மிக இறுகி உள்ளே சிறைப்பட்ட பாகை வெளியே கசிய விடும். ஆகவே அளவு முக்கியம்.

சர்க்கரையின் அளவு

சர்க்கரை எவ்வளவு என்பதைப் பெக்டின் சோதனையே சொல்லும். ஒரே கட்டியாகத் திரண்ட சாற்றுக்குச் சாற்றின் எடைக்குச் சமமான எடைச் சர்க்கரை சேர்க்கலாம். மத்திமமான சாற்றுக்கு முக்கால் பங்கு. குறைவான சாற்றுக்கு அரைப் பங்கு. சாதாரணமாகக் கொய்யாவுக்கு ஒரு லிட்டர் சாற்றுக்கு 750 கிராம் என்று கொள்ளலாம். பெக்டின் இல்லாத சாற்றில் அதிகச் சர்க்கரையைக் கொட்டினால், இருக்கும் கொஞ்ச நூல்களுக்கும் வலை பின்ன இடமில்லாமற் போய்விடும். சிக்கனம் கருதி மிகவும் குறைத்தால் ஜெல்லி தோல்போல் கடினமாகும். பூசணமும் எளிதில் பிடிக்கும். வெள்ளைச் சர்க்கரையையே உபயோகிக்க வேண்டும். வெல்லத்தில் கலந்துள்ள பிற பொருள்கள் ஜெல்லியின் தெளிவையும் பழத்தின் மணத்தையும் மறைத்துவிடும்.

ஒரே சமயத்தில் அதிகச் சாற்றைக் காய்ச்ச ஆசைப்படலாகாது. ஒரு லிட்டர் அல்லது ஒன்றரை லிட்டர் சாறே ஒரு சட்டிக்கு அளவு. நான்கு லிட்டரை ஒன்றாகக் காய்ச்சினால் பதம் வர நெடுநேரம் ஆகும். அதற்குள் பெக்டின் சிதைந்து, நிறமும் கறுத்துவிடும். நான்கு முறை காய்ச்சுவது வேலையைக் கூட்டுவதாகத் தோன்றினும் பொருளைக் காப்பது அதுவே.

பதம் பார்த்தல்

அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் சாற்றைக் கொதிக்க வைத்து, சர்க்கரையைச் சேர்த்துக் கரையும் வரை கிளற வேண்டும். கரைந்தபின் தீயை மிகுத்து விரைவாகக் கொதிக்கவிட வேண்டும். பாத்திரத்தில் பாதிக்குமேல் சாறு இருக்கலாகாது. பொங்கி மேலே தெறித்தால் கொடிய புண் உண்டாகும்.

அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பாகு காய்ச்சிப் பழகிய ஸ்திரீகளுக்கு இவ்விடத்தில் ஒரு சிறு சோதனை நேர்கின்றது. அவர்கள் பாகு விரல்களில் கம்பியாக இழுக்கும் வரையில் காத்திருக்கிறார்கள். ஜெல்லிக்கு அப்பதம் உதவாது. சூடாயிருக்கும்போது ஜெல்லி தளர்ச்சியாகவே இருக்கும். ஆறிய பின்னரே வலை பின்னிக்கொள்ளும். அடுப்பிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால், கிடைப்பது மிட்டாய்போல் இழுக்கும் பாகே.

சரியான பதத்தை அறியும் வழிகள் நான்கு. கரண்டிச் சோதனை முதலாவது. குளிர்ந்த கரண்டியால் எடுத்து உயர்த்திப் பக்கவாட்டில் சாய்த்தால், முதலில் சாறு துளித்துளியாக விழும். பதம் வந்ததும் இரண்டு துளிகள் ஒன்றாகக் கூடித் திரைபோல் அகன்று கரண்டியின் விளிம்பிலிருந்து நழுவும். தட்டுச் சோதனை இரண்டாவது. குளிர்ந்த பீங்கான் தட்டில் ஒரு துளி விட்டு, ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். சோதிக்கும்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சோதனை முடிவதற்குள் பதம் தாண்டிவிடும்.

தராசுச் சோதனை மூன்றாவது. வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துக்கொள்ள வேண்டும். முடிந்த ஜெல்லியின் எடை, சேர்த்த சர்க்கரையின் எடையைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 750 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தால், பாத்திரத்தின் எடை நீங்கலாக 1,125 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும்போது இறக்கிவிடலாம். கண்ணையும் கையையும் நம்பத் தயங்குவோர்க்கு இது சிறந்த துணை.

நான்காவது உஷ்ணமானி. ஜலம் கொதிக்கும் உஷ்ணத்துக்குமேல் நான்கு முதல் நாலரை ஸென்டிகிரேடு டிகிரி ஏறினால் பதம். கடலோர ஊர்களில் ஜலம் 100 டிகிரியில் கொதிக்கின்றமையால் ஜெல்லிக்கு ஏறக்குறைய 105 டிகிரி பதமாகும். ஆனால் உயரம் ஏற ஏற ஜலம் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கோடைக்கானலில் ஜலம் சுமார் 93 டிகிரியில் கொதிக்கின்றது. அங்கே 97 அல்லது 98 டிகிரியிலேயே ஜெல்லி பதமாகிவிடும். சமவெளியில் எழுதிய புத்தகத்தைப் பார்த்து 105 டிகிரி வரட்டும் என்று மலையில் காய்ச்சினால் பண்டம் கருகும். ஆகையால், எவ்வூராயினும், முதலில் வெறும் ஜலத்தைக் கொதிக்க வைத்து உஷ்ணமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்தே கணக்கிடுவது உத்தமம்.

புட்டியில் அடைத்தல்

பதார்த்தங்களைப் புட்டியில் இட்டு மூடிக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைப் பிரான்சு தேசத்து நிக்கொலா அப்பேர் என்பவர் கண்டு, 1810-ஆம் ஆண்டில் அத்தேச அரசாங்கத்தாரிடம் 12,000 பிராங்கு வெகுமதி பெற்றார். உணவு கெடுவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே என்பது பின்னரே பாஸ்டரின் ஆராய்ச்சிகளால் விளங்கிற்று.

கண்ணாடிப் புட்டிகளைச் சோப்பினால் கழுவி, பத்து நிமிஷம் கொதிநீரில் இட்டு, சூடாகவே எடுத்துக் கொள்ள வேண்டும். குளிர்ந்த புட்டியில் கொதிக்கும் ஜெல்லியை ஊற்றினால் புட்டி வெடிக்கும். ஜெல்லியின் மேல் படிந்த நுரையை விரைவாக எடுத்துவிட்டு, விளிம்புக்குக் கால் அங்குலம் கீழே வரையில் ஊற்றி, வாயைச் சுத்தமான துணியால் துடைத்து, புதிய மூடியை இட வேண்டும். பின்னர், புட்டிகள் மூழ்குமாறு கொதிநீரில் வைத்துச் சமவெளியில் ஐந்து நிமிஷமும், 300 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் பத்து நிமிஷமும், 1,800 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் பதினைந்து நிமிஷமும் கொதிக்கவிட வேண்டும். இக்கணக்கு கால் லிட்டருக்குட்பட்ட சிறு புட்டிகளுக்கு உரியது. ஜெல்லியின்மேல் மெழுகை உருக்கி ஊற்றி மூடும் பழைய வழக்கம் இப்போது தக்கதன்று. மெழுகின் ஓரத்தில் நுண்ணிய இடைவெளி விழுந்து பூசணம் நுழைகின்றது.

எடுத்த புட்டிகளை அசைக்காமல் ஒரு நாள் முழுதும் வைத்திருக்க வேண்டும். உறைந்ததா என்று அடிக்கடி சாய்த்துப் பார்ப்பது, பின்னிவரும் வலையைக் கையால் அறுப்பதற்குச் சமம். சில ஜெல்லிகள் உறைய இரண்டு நாட்களும் ஆகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜெல்லியிலுள்ள புளிப்பும் சர்க்கரையுமே இம்முறையில் அதனைக் காக்கின்றன. இதே முறையில் காய்கறி, பருப்பு, இறைச்சி, மீன் முதலிய புளிப்பற்ற பண்டங்களைப் புட்டியில் அடைக்கவே கூடாது. கொதிநீரிலும் அழியாத பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துக்கள் அவற்றுள் வளர்ந்து, பிராணனுக்கு அபாயமான விஷத்தை உண்டாக்கும். அப்பண்டங்களுக்கு நீராவி அழுத்தத்தில் அதிக உஷ்ணம் தரும் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும்.

குறைகளும் பரிகாரமும்

ஜெல்லி பாகாகவே நின்றால், பெக்டின் குறைவு, புளிப்புக் குறைவு, சர்க்கரை மிகுதி, காய்ச்சல் போதாமை, அளவுமீறிக் காய்ச்சியமை ஆகிய ஐந்தில் ஒன்று காரணம். தோல்போல் இறுகினால் சர்க்கரை குறைவு, அல்லது காய்ச்சல் மிகுதி. மேலே ஜலம் கசிந்து நின்றால் புளிப்பு மிகுதி, அல்லது உஷ்ணமான இடத்தில் வைத்தமை. கற்கண்டு போல் கட்டிகள் தோன்றினால் சர்க்கரை மிகுதி, அல்லது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை கரையாமல் உள்ளே விழுந்தமை. கலங்கினால் துணியைப் பிழிந்தமை, அல்லது ஆறிய பின் புட்டியில் ஊற்றியமை. பூசணம் பிடித்தால் மூடி சரியில்லை. அதை மேலாக வழித்துவிட்டு உண்ணலாகாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

உறையாத ஜெல்லியைக் கண்டவுடன் மனமுடைய வேண்டியதில்லை. இரண்டு நாட்கள் பொறுத்துப் பார்த்து, அப்போதும் உறையாவிட்டால், ஒரு கிண்ணம் மட்டும் எடுத்துச் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து மூன்று நான்கு நிமிஷம் கொதிக்க வைத்துப் பார்க்க வேண்டும். அது உறைந்தால், மற்றதையும் ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு வீதம் சேர்த்து, ஒன்றரை லிட்டருக்கு மேற்படாமல் பகுதி பகுதியாகக் காய்ச்சி, புதிய மூடியிட்டு மறுபடி அடைக்கலாம். கிண்ணச் சோதனையிலும் உறையாவிட்டால் பெக்டின் குறைவே காரணம் என்று தெளிந்து, செங்காய்ச் சாற்றைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அளவுமீறிக் காய்ச்சிப் பெக்டின் சிதைந்ததை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதால் பயனில்லை. அதைக் கொய்யாச் சர்பத்தாக உபயோகித்துக்கொள்ளலாம். சர்க்கரை வீணாகாது.

விற்பனையும் நேர்மையும்

உறையாத பாகில் ஜெலாட்டினையோ சைனா கிராஸையோ கலந்து உறையச் செய்து, சாயம் ஏற்றிக் கொய்யா ஜெல்லி என்று விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதாகும். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உணவுப் பண்டம் செய்து விற்போர் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். அச்சட்டத்தின்கீழ் 2011-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட விதிகள், ஜெல்லியில் பழப்பகுதி நூற்றுக்கு 45-க்குக் குறையாமலும், கரைந்த பொருள்கள் 65-க்குக் குறையாமலும் இருக்க வேண்டுமென விதித்தன. மேலே கூறிய முறைப்படி நல்ல சாற்றைக் கொண்டு பதம் தவறாமல் செய்த ஜெல்லிக்கு இவ்வளவைகளை எட்டுவது அரிதன்று.

ஒவ்வொரு சட்டிக்கும் தேதி, பழத்தின் பக்குவம், பெக்டின் சோதனையின் முடிவு, சேர்த்த எலுமிச்சை, சர்க்கரை எடை, முடிந்த எடை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தல் நலம். ஒரு பருவம் முடிவதற்குள் அந்நோட்டு எந்தப் புத்தகத்தையும்விடச் சிறந்த ஆசிரியராகும். ஏனெனில் அதில் இருப்பது அவ்வூர் மண்ணில் விளைந்த அப்பழத்தின் கணக்கு. எழுதப் படிக்க அறியாத மூதாட்டியின் கைப்பழக்கமும், பள்ளியில் பயிலும் பெண்ணின் எழுத்தும் இவ்விஷயத்தில் ஒன்றுக்கொன்று துணையாகும்.

தயிர் உறைவதற்கு உறைமோரும் சூடும் அளவறிந்து சேர்க்கப்படுகின்றன. அங்கே ஒருவரும் ராசியை எதிர்பார்த்திருப்பதில்லை. ஜெல்லியும் அவ்வாறே. பழத்தை அறிந்து, புளிப்பை நாவினால் சோதித்து, சர்க்கரையை நிறுத்துப் போட்டு, பதத்தில் இறக்கினால் அது உறைந்தே தீரும். இம்முறை பழக்கத்துக்கு வருமாயின், மரத்தடியில் அழுகும் பழம் குறையும். குடும்பத்தின் கைச் சர்க்கரை நஷ்டமாகாது. விலை இறங்கும் வாரங்களிலும் கொய்யா மரம் குடியானவருக்குப் பயன் தந்துகொண்டேயிருக்கும்.